பியூசிங்கன்: நடுவில் 700 மீட்டர்

வணக்கம் ஐயா,

ஐரோப்பிய எல்லைகள் பற்றிய கட்டுரையில் பியூசிங்கன் என்ற ஊரை ஒரே வரியில் தொட்டுவிட்டுப் போய்விட்டீர்கள். வரைபடத்தில் தேடிப் பார்த்தேன். சுவிட்சர்லாந்துக்குள் ஜெர்மனியின் ஒரு துண்டு தனியாகக் கிடக்கிறது. இரண்டுக்கும் நடுவே ஒரு கிலோமீட்டர்கூட இல்லை. இவ்வளவு கிட்டத்தில் எப்படி அறுந்தது? நாமும் வங்கதேசமும் 2015இல் சிட்மஹால்களை (ஒரு நாட்டுக்குள் தனியாகக் கிடந்த மற்ற நாட்டின் நிலத்துண்டுகளை) மாற்றிக்கொண்டதுபோல் அவர்களும் மாற்றிக்கொண்டிருக்கலாமே? ஊருக்கு இரண்டு அஞ்சல் குறியீடுகளாமே, அது எதற்கு?

ம., ஈரோடு

அன்புள்ள ம.,

வரைபடத்தை இன்னொரு முறை திறந்து, பக்கத்து ஊரான டோர்ஃப்லிங்கனைப் பாருங்கள். கிழக்கே காய்லிங்கன், ஜெர்மனி. மேற்கே பியூசிங்கன், அதுவும் ஜெர்மனி. இடையில் டோர்ஃப்லிங்கன் மட்டும் சுவிஸ். மிகக் குறுகலான இடத்தில் அந்த இடைவெளி சுமார் 700 மீட்டர். தெற்கே ரைன் நதி, அக்கரையும் சுவிஸ்தான். மேற்கே கூப்பிடு தூரத்தில் ஷாஃப்ஹவுசன் நகரம். பியூசிங்கனின் மொத்தப் பரப்பு 7.62 சதுர கிலோமீட்டர், மக்கள் ஏறத்தாழ 1,500 பேர். பாடன்-வூர்ட்டம்பெர்க் மாநிலம், கான்ஸ்டன்ஸ் மாவட்டம்.

அறுந்ததற்குக் காரணம் ஒரு ஆள்கடத்தல். 1693இல் ஊரின் நிலக்கிழார் எபர்ஹார்ட் இம் துர்ன். ஊர் அப்போது ஆஸ்திரிய ஆளுகையில் இருந்தது. மதத் தகராறில் அவருடைய உறவினர்களே அவரைப் பிடித்து ஷாஃப்ஹவுசன் நகரத்தாரிடம் ஒப்படைத்தார்கள். நகரம் அவருக்கு ஆயுள் சிறை விதித்தது. தன் ஆளுகையிலுள்ள ஒருவரை அயலார் தூக்கிக்கொண்டு போனதை ஆஸ்திரியா விடவில்லை. அதன் மிரட்டலுக்குப் பிறகு 1699இல்தான் அவர் வெளியே வந்தார். அந்தப் பகை ஆறவே இல்லை. 1770இல் டோர்ஃப்லிங்கன், ராம்சன் என்ற இரண்டு ஊர்களின் மீதான உரிமையையும் ஆஸ்திரியா சுவிஸ் நகரமான சூரிச்சுக்கு விற்றது. பியூசிங்கனை மட்டும் விற்கவில்லை. ஷாஃப்ஹவுசன்காரர்களுக்கு என்றென்றும் உறுத்தலாக இருக்கட்டும் என்றே வைத்துக்கொண்டதாகச் சொல்வார்கள். உங்கள் 700 மீட்டர் அந்த விற்பனையில் பிறந்தது. பிறகு 1805இல் வூர்ட்டம்பெர்க், 1810இல் பாடன் என்று ஜெர்மன் அரசுகளிடம் ஊர் கைமாறியதே தவிர இடைவெளி அப்படியே நின்றது.

இதன் விளைவு முழுதாகத் தெரிந்தது 1849 ஜூலையில். பாடனில் நடந்த புரட்சியை அடக்க வந்த, ஹெஸ்ஸன் என்ற இன்னொரு ஜெர்மன் அரசின் படையினர் கான்ஸ்டன்ஸிலிருந்து நீராவிக் கப்பலேறி ரைன் வழியாக பியூசிங்கனில் இறங்கினார்கள். சுவிஸ் நீர்ப்பகுதியைத் தாண்டாமல் அங்கே வர முடியாது. அனுமதி கேட்காமல் வந்துவிட்டதால் சுவிஸ் படை ஊரைச் சுற்றி வளைத்தது. வந்தவர்கள் திரும்பவும் வழியில்லை. பேச்சுவார்த்தை முடிந்து, சுவிஸ் வீரர்கள் துணைக்கு வரத்தான் அவர்களால் வெளியேற முடிந்தது. இரண்டாம் உலகப்போரில் விடுப்பில் ஊர் திரும்பிய ஜெர்மன் வீரர்கள் காய்லிங்கன் எல்லைச்சாவடியில் துப்பாக்கியை ஒப்படைத்துவிட்டு, சுவிஸ் காவலர்கள் கொடுத்த நீளக் கோட்டால் சீருடையை மூடிக்கொண்டு டோர்ஃப்லிங்கன் வழியே நடந்து வீடு சேர்ந்தார்கள்.

சிட்மஹால் ஒப்பீட்டுக்கு வருகிறேன். அங்கே கொடுக்க இருவரிடமும் நிலம் இருந்தது: வங்கதேசத்துக்குள் நம்முடையவை 111, நமக்குள் அவர்களுடையவை 51. இங்கே அது இல்லை. முதல் உலகப்போர் முடிந்த கையோடு நடந்த வாக்கெடுப்பில் பியூசிங்கன் மக்களில் 96 விழுக்காட்டினர் சுவிட்சர்லாந்தோடு சேரவே வாக்களித்தார்கள். ஈடாகத் தருவதற்குப் பொருத்தமான நிலம் சுவிட்சர்லாந்திடம் இல்லாததால் பேச்சு நின்றுபோனது. மூன்றே வீடுகள் கொண்ட வெரேனாஹோஃப் என்ற இன்னொரு ஜெர்மன் துண்டு பக்கத்தில் இருந்தது. அது சிறியது என்பதால் சம அளவு நிலத்துக்கு மாற்றிக்கொள்ள முடிந்தது. 1967இல் அது சுவிஸ் ஆகிவிட்டது.

அதே 1967இல்தான், 1964இல் கையெழுத்தான ஜெர்மனி-சுவிஸ் ஒப்பந்தம் பியூசிங்கனுக்கு நடைமுறைக்கு வந்தது. நிலம் ஜெர்மனிக்கு, சுங்கம் சுவிஸுக்கு. சுங்கம், வேளாண்மை போன்ற துறைகளில் அங்கே சுவிஸ் சட்டம் செல்லும். பள்ளி, தேர்தல், வருமானவரி ஜெர்மனி. ஷாஃப்ஹவுசன் மாநிலக் காவலர்கள் உள்ளே வரலாம், ஆனால் ஒரே நேரத்தில் பத்துப் பேருக்கு மேல் கூடாது. மாவட்டத்தின் மற்ற வண்டிகளின் எண்பலகையில் பெரும்பாலும் கே-என் என்ற எழுத்துகள், இந்த ஊர் வண்டிகளுக்கு மட்டும் பி-யூ-எஸ். சுங்க அதிகாரி அதைப் பார்த்ததும் சுவிஸ் வண்டியாக நடத்த வேண்டும் என்பதற்காக இந்த ஏற்பாடு. அஞ்சல் குறியீடும் அப்படித்தான்: ஜெர்மனிக்குள்ளிருந்து எழுதினால் 78266, சுவிஸிலிருந்து எழுதினால் 8238. சட்டப்படி யூரோ, கடையில் பிராங்க்.

பலர் குழம்புவது ஒன்று உண்டு. 2008 டிசம்பரில் சுவிட்சர்லாந்து ஷெங்கனில் (எல்லைச் சோதனை இல்லாமல் போய்வர ஐரோப்பிய நாடுகள் செய்துகொண்ட ஏற்பாட்டில்) சேர்ந்ததோடு ஆட்களுக்கான எல்லைச் சோதனை போய்விட்டது. சரக்குக்கான சுங்கம் போகவில்லை. பியூசிங்கன்காரர் ஜெர்மனியின் சிங்கன் நகரில் சாமான் வாங்கித் தன் ஜெர்மன் வீட்டுக்குக் கொண்டுவந்தாலும் அது சுவிஸ் இறக்குமதி. 2025 முதல் ஒருவருக்கு ஒரு நாளில் 150 பிராங்க் வரை வரி இல்லை. அதைத் தாண்டினால் சுவிஸ் மதிப்புக்கூட்டு வரி கட்ட வேண்டும். இறைச்சிக்குத் தனிக் கணக்கு: தலைக்கு ஒரு கிலோ. விருந்துக்கு மூன்று கிலோ வாங்கி வருபவர் அறிவிக்காமல் சாவடியைக் கடந்தால் அபராதம்தான்.

ஒப்பந்தம் தொடாமல் விட்டது சம்பளத்தை. என்னைக் கேட்டால் ஊரை உண்மையில் அரிப்பது அதுதான். சுவிஸ் விலையில் வாழ்கிறார்கள், வருமானவரியை ஜெர்மன் விகிதத்தில் கட்டுகிறார்கள். தனியாக ஒரு வரிவிலக்கு உண்டு. ஆனாலும் வேலைக்குப் போகும் இளைஞர் சில கிலோமீட்டர் தள்ளி ஷாஃப்ஹவுசனில் குடியேறினால் கையில் நிற்பது அதிகம், ஆகவே கிளம்பிவிடுகிறார். ஓய்வூதியத்துக்கு ஜெர்மனி குறைவாக வரி போட்டதால் அந்த வீடுகளுக்கு சுவிஸ் முதியவர்கள் குடிவந்தார்கள். 2005இல் ஜெர்மனி ஓய்வூதிய வரிச் சட்டத்தை மாற்றியது. அவ்வாண்டு வரை ஓய்வு பெற்றவர்களுக்கு ஓய்வூதியத்தில் பாதி வரிக்கு உட்பட்டது. பின்னால் ஓய்வு பெறுவோருக்கு அந்தப் பங்கு கூடிக்கொண்டே வருகிறது. சுவிஸ் முதியவர்கள் வருவதற்கு இருந்த காரணமும் தேய்ந்துகொண்டிருக்கிறது.