பி.எட்.டா, குவாண்டமா? – கடிதம்

அன்புள்ள ஐயா,

வேலூரில் எம்.எஸ்சி. இயற்பியல் இரண்டாம் ஆண்டு. குடியாத்தத்திலிருந்து தினமும் பஸ். பல துகள் குவாண்டம் கோட்பாட்டில், அதாவது எலக்ட்ரான் போன்ற துகள்கள் கூட்டமாகச் சேர்ந்தால் எப்படி நடந்துகொள்ளும் என்பதில், ஆய்வுக்குப் போக ஆசை. அப்பா லுங்கித் தறி வைத்திருக்கிறார். பெரியப்பா, "பி.எட். முடி, முப்பது வயதுவரை படித்தால் யார் கட்டிக்கொள்வார்கள்?" என்கிறார். எனக்கு அவ்வளவு மூளை இருக்கிறதா என்பதும் தெரியவில்லை. நீங்கள் ராணிப்பேட்டையிலிருந்து இந்தத் துறைக்குப் போனவர். என்ன செய்யலாம்?

ம., குடியாத்தம்

அன்புள்ள ம.,

மூளை கிடக்கட்டும், முதலில் காசு. நெட் தேர்வில் ஜே.ஆர்.எஃப். என்ற ஆய்வு உதவித்தொகை கிடைத்தால் முதல் இரண்டு ஆண்டு மாதம் 37,000 ரூபாய், பிறகு 42,000. பிஎச்.டி. மாணவருக்கு மாதாமாதம் பணம் வரும் என்பதே நம் பக்கத்தில் பல வீடுகளுக்குத் தெரியாது. பெரியப்பாவிடம் இதைச் சொல்லிவிட்டு மற்றதைப் பேசுங்கள். உதவித்தொகை இல்லாமல் சேரச் சொன்னால் சேராதீர்கள்.

அவர் பயப்படுவதும் சும்மா இல்லை. பிஎச்.டி. ஐந்தாறு வருடம். அப்புறம் இரண்டு மூன்று வருட ஒப்பந்தத்தில் போஸ்ட்-டாக் என்ற தற்காலிக ஆய்வு வேலை, பெரும்பாலும் வெளிநாட்டில், ஒன்றோடு முடிவதும் அபூர்வம். நிரந்தர வேலை கிடைக்கும்போது முப்பத்தைந்தை நெருங்கியிருப்பீர்கள். கிடைத்தால். என்னோடு தொடங்கியவர்களில் பலர் இப்போது பெங்களூரில் புரோகிராம் எழுதுகிறார்கள், என்னைவிட வசதியாக.

சரி, மூளை. நான்கு ஸ்பின்-அரைகளை, அதாவது மேலே அல்லது கீழே பார்க்கும் குட்டிக் காந்தங்களை, வட்டமாக வையுங்கள். பக்கத்தில் இருப்பவை மட்டும் எதிர்த்திசையை விரும்பும் ஹைசன்பர்க் மாதிரி. மொத்தம் 16 நிலைகள். அதில் இரண்டு மேலே, இரண்டு கீழே என்பவை 6. அந்த 6×6 அணியைக் கையால் எழுதி, மிகக் குறைந்த ஆற்றலைக் கண்டுபிடியுங்கள். இணைப்பு வலிமை 1 என்றால் −2 வர வேண்டும். முதல் தடவை வராது, எங்காவது ஓர் அரை (1/2) விட்டுப்போயிருக்கும். வந்ததும் ஆறு ஸ்பின்னுக்குப் போய், ஒன்றுவிட்டு ஒன்றையும் பாதி வலிமையில் இணையுங்கள். இப்போது அணி 20×20, பைத்தானிடம் கொடுத்துவிடலாம். மிகக் குறைந்த ஆற்றல் −9/4 வரும், அதுவும் இரண்டு முறை. ஏன் இரண்டு? இதைப் பற்றி இயற்பியலாளர்கள் மஜும்தாரும் கோஷும் 1969-ல் எழுதியதைப் பார்ப்பதற்கு முன்னால் நீங்களே ஒரு வாரம் மல்லுக்கட்டுங்கள்.

இதே வேலையை 40 ஸ்பின்னுக்குச் செய்யப் போனால் நிலைகள் 1.1 லட்சம் கோடி. அந்த எண்ணோடு நேராக மோதாமல் விடையைப் பிடிப்பதுதான் எங்கள் பிழைப்பில் பாதி. சங்கிலி போன்ற அமைப்புகளுக்கு இயற்பியலாளர் ஸ்டீவன் வைட் 1992-ல் ஒரு வழி கண்டுபிடித்தார். இருபரிமாணத்தில் இன்னும் திண்டாட்டம்தான். 1986-ல் கண்டுபிடித்த தாமிர ஆக்சைடு மீகடத்திகள் ஏன் தடையே இல்லாமல் மின்சாரத்தைக் கடத்துகின்றன என்பதில் இன்றுவரை ஒருமித்த கருத்து இல்லை.

விட்டுப்போன அந்த அரை எங்கே போனது என்று ராத்திரி தேடுவது உங்களுக்குப் பிடித்திருந்தால் விண்ணப்பியுங்கள். எரிச்சல் மட்டும்தான் என்றால் பி.எட். நல்ல படிப்பு, கேலியாகச் சொல்லவில்லை.

காட்பாடியில் கிழக்கே ரயில் ஏறினால் தரமணி கணித அறிவியல் நிறுவனம், மேற்கே ஏறினால் பெங்களூரு இந்திய அறிவியல் கழகம். இரண்டிலும் இந்தத் துறைக்கு ஆட்கள் உண்டு. நெறியாளரைப் பார்க்கும் முன் அவருடைய பழைய மாணவர்கள் இரண்டு பேரிடம் பேசுங்கள்: எத்தனை வருடம் ஆனது, இப்போது எங்கே இருக்கிறார்கள். கட்டுரைப் பட்டியலில் இது தெரியாது.

அந்த 6×6 தாளைப் படமெடுத்து அனுப்புங்கள், தப்பாக இருந்தாலும் பரவாயில்லை.