வரி இல்லாத ஊரில் வீடு வாங்கலாமா?

கேள்வி: ஒஹாயோவில் கொலம்பஸ் நகரில் இருக்கிறோம். கணவருக்கு ஃபுளோரிடாவின் டாம்பாவில் வேலை கிடைத்திருக்கிறது. சம்பளம் இப்போது வாங்குவதுதான். அங்கே மாநில வருமான வரி இல்லை, மிச்சமாகும் பணத்தில் உடனே வீடு வாங்கிவிடலாம் என்கிறார். கடலை ஒட்டி ஒரு வீடும் பார்த்துவிட்டார். எச்1பி விசாவில் இருக்கிறோம், குழந்தை இல்லை. எனக்குத்தான் தூக்கம் வரவில்லை.
– பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்: உங்கள் கணவர் சொல்வது பொய்யில்லை. கொலம்பஸில் மாநில வரி போக, நகராட்சியும் 2.5 சதவீதம் பிடித்துக்கொள்கிறது. டாம்பாவில் இரண்டுமே கிடையாது. முதல் மாதச் சம்பளச் சீட்டைப் பார்த்தால் வாயெல்லாம் பல்லாகத்தான் இருக்கும். ஆனால் மனிதர் வரவுப் பக்கத்தைக் கூட்டிய கையோடு நோட்டை மூடிவிட்டார்.

செலவுப் பக்கத்தில் முதலில் வருவது வீட்டுக் காப்பீடு. அது இல்லாமல் வங்கி கடன் தராது. அந்தக் காப்பீட்டில் வெள்ளம் சேராது. அதற்குத் தனி பாலிசி. அரசுத் திட்டத்தில் அது பொதுவாக 30 நாள் கழித்துத்தான் அமலுக்கு வரும், ஆகவே புயல் செய்தி கேட்டபின் ஓடிப்போய் வாங்க முடியாது. புயல் சேதத்துக்கு நாம் முதலில் போட வேண்டிய டிடக்டிபிள் பெரும்பாலும் சதவீதக் கணக்கு. 4 லட்சம் டாலருக்குக் காப்பீடு, 2 சதவீதம் என்றால் 8,000 டாலர் நம் கையிலிருந்து போகும்.

2024 செப்டம்பர் 26 அன்று ஹெலீன் புயல் டாம்பாவுக்குள் வரவேயில்லை. தொலைவில் கடலோடு கடலாகப் போனது. ஆனாலும் கடல் எழுந்து, டாம்பாவின் கரையோரக் குடியிருப்பான டேவிஸ் ஐலண்ட்ஸ் தெருக்களுக்குள் வந்துவிட்டது. நனைந்த மெத்தைகளும் கம்பளங்களும் வாசலில் மலைபோல் கிடந்தன. அவற்றை அள்ளி முடிப்பதற்குள் அக்டோபர் 9 அன்று மில்டன் வந்தது. உங்கள் கணவர் பார்த்த வீட்டின் விளம்பரத்தில் இதெல்லாம் இருக்காது.

அதில் விற்பவர் கட்டும் சொத்து வரி இருக்கும். அதையும் நம்பாதீர்கள். ஃபுளோரிடாவில் சொந்த வீட்டில் நிரந்தரமாகக் குடியிருப்பவருக்கு ஹோம்ஸ்டெட் சலுகை உண்டு. வரி விதிக்கும் மதிப்பு ஆண்டுக்கு 3 சதவீதத்துக்கு மேல் ஏறாது. வீடு கைமாறினால் மறுவருடம் அது சந்தை விலைக்குத் தாவிவிடும். தற்காலிக விசாவில் இருக்கும் உங்களுக்கு அந்தச் சலுகையும் பொதுவாகக் கிடைக்காது. அமெரிக்கக் குடியுரிமையுள்ள சிறு பிள்ளை அந்த வீட்டில் நிரந்தரமாக வசித்தால் வழி உண்டு என்று 2012இல் அந்த மாநில உச்ச நீதிமன்றம் சொன்னது. உங்களுக்கு இப்போதைக்கு அது உதவாது.

இரண்டு கார் தேவைப்படும், அவற்றின் காப்பீடும் கொலம்பஸைவிடக் கடிக்கும். டாம்பா டவுன்டவுனுக்கும் பக்கத்துப் பகுதியான ஈபோர் சிட்டிக்கும் நடுவே டிராம் இலவசம்தான். அதில் அலுவலகம் போகிற வேலை என்றால் உங்கள் கணவருக்கு ராஜயோகம்.

வேலையை விடச் சொல்லவில்லை, போங்கள். வீட்டை மட்டும் ஒத்திப்போடுங்கள். ஜூன் முதல் நவம்பர் வரை நீளும் புயல் பருவம் ஒன்றை வாடகை வீட்டில் கழியுங்கள். அதற்குள் ஆசைப்பட்ட வீட்டின் முகவரியைக் கொடுத்து, காப்பீட்டு முகவர் மூன்று பேரிடமாவது விலை கேளுங்கள். புயலின்போது யாரை எப்போது கிளம்பச் சொல்வது என்பதற்காக ஊரை ஏ, பி என்று எழுத்திட்ட வெளியேற்ற மண்டலங்களாகப் பிரித்திருப்பார்கள். அந்த வீடு எதில் வருகிறது என்றும் பாருங்கள். ஏ என்றால் முதலில் கிளம்பச் சொல்வது உங்களைத்தான். வாடகை வீடு பிடிக்கும்போதும் இதே எழுத்தைப் பார்த்துவிட்டு, முடிந்தால் மாடியில் பிடியுங்கள். வாடகைதாரர் காப்பீட்டிலும் வெள்ளம் சேராது.