கரிசல் மண்ணில் பசுமை வீடு: சான்றிதழுக்கு முன் மொட்டைமாடியைப் பாருங்கள்

கேள்வி: கோவில்பட்டிக்கு அருகே, கரிசல் மண் உள்ள 4 சென்ட் மனையில், 1,000 சதுர அடியில் தரைத்தள வீடு கட்ட இருக்கிறோம். ‘பசுமைக் கட்டடம்’ என்றால் செலவு 15 சதவீதம் கூடும், சான்றிதழுக்குத் தனியாக ஒன்றரை லட்சம் ஆகும் என்கிறார் கட்டித் தருபவர். குடியிருக்கப் போவது நானும் மனைவியும் மட்டும். இவ்வளவு செலவழித்தால் வெக்கையும் மின்கட்டணமும் உண்மையிலேயே குறையுமா? — ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர்.

பதில்: குறையும், ஐயா. ஆனால் அதற்கு அந்த 15 சதவீதம் வேண்டியதில்லை. ஒன்றரை லட்சம் அறவே வேண்டியதில்லை. தனி வீட்டுக்குப் பசுமைச் சான்றிதழ் கட்டாயம் அல்ல. ஹைதராபாத்தில் இயங்கும் இந்தியப் பசுமைக் கட்டட மன்றமும் ‘கிரிஹா’ அமைப்பும் தரமதிப்பீடு வழங்குகின்றன. விரும்புகிறவர் அவற்றிடம் நேரடியாகவே பதிவு செய்துகொள்ளலாம். பெரிய அலுவலகங்களுக்கும் அடுக்குமாடி விற்பவர்களுக்கும் அந்தச் சான்றிதழ்த் தகடு பயன்படும். இருவர் வாழும் வீட்டின் வாசலில் அதை மாட்டுவதால் படுக்கையறை ஒரு டிகிரிகூடக் குளிராது. சான்றிதழ் இருந்தால் வீட்டுவரி குறையும், வங்கிக் கடன் உடனே கிடைக்கும் என்று யாரேனும் சொன்னால், அதை எழுதிக் கையெழுத்திட்டுத் தரச் சொல்லுங்கள். பேச்சு அத்தோடு நின்றுவிடும்.

உங்கள் ஊர் ஏறத்தாழ 9 டிகிரி வட அட்சரேகையில் இருப்பதால், சித்திரை பிறக்கும் நாட்களில் நண்பகல் சூரியன் வீட்டுக்கு நேர் மேலே நிற்கிறது. ஆவணி நடுவில் மறுபடியும் அதே இடத்துக்கு வருகிறது. மாடி இல்லாத வீட்டில் அந்த வெயிலை முழுவதும் வாங்குவது கான்கிரீட் தளம். பகலெல்லாம் வாங்கிய சூட்டை, நீங்கள் படுக்கப் போகும் நேரத்தில்தான் அது அறைக்குள் இறக்குகிறது. எனவே கையில் இருக்கும் பணத்தில் முதல் பங்கு மொட்டைமாடிக்கே போகவேண்டும். செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து பரப்பித் தட்டு ஓடு பதிக்கும் பழைய முறையோடு, மேலே வெள்ளை ஓடோ வெள்ளைப் பூச்சோ சேர்த்தால் போதுமானது. தூசு படிந்தால் வெள்ளையின் பயன் போய்விடும் என்பதால், ஒவ்வொரு கோடைக்கு முன்பும் கழுவிவிடவேண்டும். ‘நானோ’ என்று பெயர் சூட்டிப் பத்து டிகிரி குறைப்பதாக விற்கப்படும் பூச்சுகளுக்குக் கூடுதல் விலை கொடுக்காதீர்கள். வெள்ளை நிறம் செய்யும் வேலையைத்தான் அவற்றில் பெரும்பாலானவை செய்கின்றன.

அடுத்தது மேற்குச் சுவர். மேற்கே செங்கோட்டைக் கணவாய் வழியே வரும் காற்றை நம்பித்தான் கயத்தாற்றில் அத்தனை காற்றாலைகள் நிற்கின்றன. அந்தக் காற்று உங்களுக்கும் வேண்டும், ஆனால் மாலை வெயிலும் அதே திசையிலிருந்துதான் வருகிறது. குளியலறை, மாடிப்படி, சாமான் அறை ஆகியவற்றை மேற்கில் ஒதுக்கி, அகலமான சன்ஷேடின் கீழ் சிறிய சன்னல்களை வைத்து, அவற்றுக்கு நேர் எதிரே கிழக்கில் பெரிய சன்னல்களைத் திறந்துவிட்டால், காற்று உள்ளே வந்து வெளியேறும். வரைபடத்தில் கோடு மாற்றுவதற்குச் செலவில்லை. சுவர் எழும்பிய பிறகு மாற்றினால்தான் செலவு.

சுவருக்குச் சாம்பல் கல் நல்ல தேர்வு. தூத்துக்குடி அனல்மின் நிலையச் சாம்பல் உங்களுக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. சூளையில் விறகு எரிக்கவேண்டாம், மேல்மண்ணைச் சுரண்டவும் வேண்டாம். சிமெண்டில், 35 சதவீதம் வரை சாம்பல் கலக்க அனுமதியுள்ள பி.பி.சி. (போர்ட்லேண்ட் பொசொலானா சிமெண்ட்) வகையைக் கேளுங்கள். சாம்பல் சேரும் அளவுக்குக் கிளிங்கர், அதாவது சிமெண்டுக்காகச் சூளையில் சுட்டெடுக்கும் கட்டி, குறையும். அது ஒரு டன் தயாராவதற்குள் ஏறத்தாழ 800 கிலோ கரியமில வாயு வெளியேறுகிறது என்பதால், சூழலுக்கு நீங்கள் செய்யும் பெரிய உதவி இதுதான். ஏமாற்று எங்கே நடக்கிறது என்றால், வார்த்து நாலு நாள்கூட நீர் காட்டாத கல்லை லாரியில் ஏற்றிவிடுகிறார்கள். இரண்டு கற்களைத் தட்டிப் பாருங்கள். மணிபோல ஒலிக்காமல் மொத்தென்றால், விளிம்பு விரலோடு உதிர்ந்தால், சுமையைத் திருப்பி அனுப்புங்கள்.

மழைநீர் விஷயத்தில் சற்று நின்று பேசவேண்டும், ஏனெனில் பசுமை என்ற பெயரில் உங்கள் வீட்டுக்கே கேடு வரக்கூடிய இடம் இதுதான். தமிழ்நாட்டில் 2003இல் மழைநீர் சேகரிப்பு கட்டாயமாக்கப்பட்டது, நல்ல சட்டம். ஆனால் மணலுக்கும் பாறைக்கும் கரிசலுக்கும் ஒரே குழியைப் படத்தில் ஒட்டி அனுமதி வாங்குகிறார்கள். பார்வையிட வருபவருக்குக் குழாயைக் காட்டினால் போதும், அது எங்கே போய் முடிகிறது என்று எவரும் குனிந்து பார்ப்பதில்லை. கரிசல் மண் நீர் பட்டால் உப்பும், காய்ந்தால் சுருங்கி வெடிக்கும். கடைக்காலை ஒட்டி நீர் உறிஞ்சும் குழி தோண்டினால், அந்த மூலையில் மட்டும் மண் உப்பிக் கட்டடத்தைத் தூக்கும், கோடையில் இறங்கும், இரண்டு மூன்று ஆண்டுகளில் சன்னல் மூலையிலிருந்து சாய்வாக விரிசல் ஓடும். வீடு முடிந்த பிறகு என்னிடம் வரும் கரிசல் வீடுகளில் இந்த விரிசலை அடிக்கடி பார்க்கிறேன். குழியைத் தள்ளி வைக்கலாமே என்பீர்கள். 4 சென்டில் வீட்டையும் எல்லை இடைவெளிகளையும் விட்டால் தள்ளுவதற்கு இடம் ஏது? ஆகவே நீங்கள் மண்ணுக்குள் விடாமல் தொட்டியில் சேமியுங்கள். ஆண்டுக்கு 600 மில்லிமீட்டர் மழை என்று கொண்டாலே, 1,000 சதுர அடி மாடியில் 55,000 லிட்டருக்கு மேல் விழும். அதில் 80 சதவீதம் பிடித்தாலும் ஏறத்தாழ 44,000 லிட்டர். முதல் மழையை வெளியே விட்டு, அடுத்ததை வடிகட்டி, தரைக்கு மேல் வைத்த தொட்டியில் நிரப்புங்கள். தரைக்கடியில் கட்டும் தொட்டி கசிந்தால், அதுவும் உறிஞ்சுகுழியின் வேலையையே செய்யும். வீட்டைச் சுற்றி மூன்றடி அகலத்துக்குச் சிமெண்ட் தளம் போட்டு, வெளிப்புறமாகச் சரிவு கொடுங்கள்.

மின்கட்டணத்துக்கு வருவோம். சாதாரண மின்விசிறி 75 வாட் இழுக்கும், பி.எல்.டி.சி. என்ற மின்சிக்கன மோட்டார் உள்ள விசிறி 30 வாட் அளவில் ஓடும். நான்கு விசிறிகள் தினம் 10 மணி நேரம் ஓடினால், இரண்டு மாதக் கணக்கில் சுமார் 108 யூனிட் மிச்சம். இதைச் செய்த பிறகே சூரியத் தகடு பற்றி யோசியுங்கள். 1 கிலோவாட் தகடு நாளொன்றுக்கு ஏறத்தாழ 4 யூனிட் தரும். குளிர்சாதனம் இல்லாத இருவர் வீட்டுக்கு அதுவே தாராளம். 2024இல் தொடங்கிய பிரதமரின் சூரிய வீடு திட்டத்தில் மானியம் 1 கிலோவாட்டுக்கு 30,000 ரூபாய், 2 கிலோவாட்டுக்கு 60,000, மூன்றும் அதற்கு மேலும் எவ்வளவு போட்டாலும் 78,000 என்று அறிவிக்கப்பட்டது. ‘5 கிலோவாட் போடுங்கள், மானியம் அள்ளலாம்’ என்பவர் தம் கமிஷனைத்தான் கணக்கிடுகிறார். மானியம் உங்கள் வங்கிக் கணக்குக்கே வரும். அதை வாங்கித் தர ஓர் ஆள் தேவையில்லை.

வானம் தோண்ட நாள் குறித்துவிட்டீர்கள் என்றால், அதை இரண்டு வாரம் தள்ளிப்போட்டு, முதலில் மண் பரிசோதனை செய்யுங்கள். அந்த அறிக்கையோடு, மேற்குச் சுவரையும் தொட்டியின் இடத்தையும் மாற்றி வரைந்த படத்தைக் கட்டித் தருபவரிடம் கேளுங்கள்.