ஒரே மாடியில் ரெண்டு வாடகை: ரொறன்ரோவில் வாடகைக்கு இருக்கிறவைக்குக் கேள்வி பதில்

கேள்வி: தோர்ன்கிளிஃப் பார்க்கில் ரெண்டு அறை வீட்டுக்கு 2,300 டொலர் கட்டுறம். எதிர்வீட்டு அம்மா அதே அளவு வீட்டுக்கு 1,250 தானாம். எங்களை ஏமாத்திப் போட்டாங்களா அண்ணை?

பதில்: இல்லைத் தங்கச்சி. அந்த அம்மா எத்தினை வருசமா இருக்கிறா என்று கேட்டுப் பாருங்கோ. இருக்கிற ஆளுக்கு வருசத்துக்கு ஒருக்காத்தான், பொதுவா அரசு சொல்லுற வீதத்துக்குள்ள (2025இல் 2.5%) கூட்டலாம். வீடு காலியானால் வாற ஆளிட்ட எவ்வளவும் கேக்கலாம். ஒன்ராறியோவில் 1998இல் இருந்து இதுதான் நடைமுறை. அதாலதான், உழைப்பு ஆகக் குறைஞ்ச காலத்தில, போன மாசம் வந்திறங்கின குடும்பம் ஆகக் கூடின வாடகை கட்டுது. எனக்கு இது பொறுக்கேலாத அநியாயம். இனி வேற வீட்டுக்கு மாறுறதெண்டால் பத்துத்தரம் யோசியுங்கோ.

கேள்வி: எங்கட கொண்டோவில (தனித்தனி வீடுகளா வித்த மாடிக் கட்டிடம்) ஒரேயடியா 400 டொலர் கூட்டீற்றாங்கள். ஏலுமா?

பதில்: 2018 நவம்பர் 15க்குப் பிறகு முதல்முதலா ஆக்கள் குடியேறின வீடெண்டால் அரசு சொல்லுற அந்த வீத உச்சவரம்பு இல்லை. எண்டாலும் 90 நாள் முன்னறிவிப்பு எழுத்தில தரவேணும். கையெழுத்து வைக்க முதல் கட்டிடத்தின்ர வயசைக் கேளுங்கோ.

கேள்வி: வந்தேறின சனம் ஏன் ஸ்காபரோ, ஜேன்-ஃபின்ச் பக்கமே சேருது?

பதில்: அங்க இருக்கிற கனக்க மாடிகள் 1960, 70களில நடுத்தரக் குடும்பங்களுக்கெண்டு கட்டினவை. டேவிட் ஹுல்சான்ஸ்கி என்ற பேராசிரியர் 1970 தொடக்கம் 2005 வரை பகுதி பகுதியா வருமானத்தை ஒப்பிட்டார். சப்வே (நிலக்கீழ் ரயில்) ஓடுற நடுப்பகுதிகள் வருமானத்தில ஏறிப்போச்சு, வடகிழக்கும் (ஸ்காபரோ பக்கம்) வடமேற்கும் (ஜேன்-ஃபின்ச் பக்கம்) இறங்கிப்போச்சு. நடுவில வாடகை ஏற ஏற, புதுசா வந்த சனத்துக்கு மிஞ்சினது பஸ் மாறி மாறிப் போற ஓரங்கள்தான்.

கேள்வி: ஸ்காபரோவில ஒரு வீட்டின்ர பேஸ்மென்றில (நிலக்கீழ் தளம்) வாடகைக்கு இருக்கிறம். தன்ர அக்காவின்ர மகன் குடிவாறானாம், மாசக் கடைசியில வீட்டை விட்டு எழும்பச் சொல்லி வீட்டுக்காரர் வாட்ஸப்பில அனுப்பியிருக்கிறார். எழும்பத்தான் வேணுமோ?

பதில்: எழும்பாதேங்கோ. வாட்ஸப் செய்தி நோட்டீஸ் இல்லை. N12 என்ற படிவம் தரவேணும், 60 நாள் அவகாசமும் ஒரு மாத வாடகை நட்டஈடும் வேணும். வீட்டுக்காரர் தானோ, கணவன் மனைவியோ, ரெண்டு பேரின்ர பிள்ளையோ தாய் தகப்பனோ, இவையைப் பராமரிக்கிற ஆளோ குடிவந்தால்தான் அது செல்லும். எங்கட ஆக்களுக்கு அக்காவின்ர மகனும் சொந்தப் பிள்ளைதான், சட்டம் அப்பிடிப் பார்க்கிறேல்லை. நகரசபை பெர்மிற் இல்லாத பேஸ்மென்றுக்கும் இந்தப் பாதுகாப்பு இருக்கு. ஆனால் வீட்டுக்காரரோட ஒரே குசினியோ ஒரே குளியலறையோ பாவிக்கவேண்டியிருந்தால் இல்லை. வெளியேற்றச் சொல்லி உத்தரவு போடுற அதிகாரம் வீட்டுக்காரர்-வாடகையாளர் தீர்ப்பாயத்துக்குத்தான் (Landlord and Tenant Board). அந்தச் செய்தியை அழிக்காமல் வைச்சிருங்கோ, பக்கத்து இலவச சட்ட உதவி நிலையத்தில காட்டுங்கோ.

கேள்வி: ரெண்டு பேரும் உழைச்சு வரிக்கு முந்தி மாசம் 4,000 டொலர். வாடகை 2,000. இது தாங்குமா?

பதில்: வரிக்கு முந்தின வருமானத்தில 30% வரைதான் தாங்கும் எண்டது இங்கத்தைக் கணக்கு. உங்களுக்கு அது 1,200. வருமானத்துக்கேத்தபடி வாடகை வாங்குற அரசு உதவி வீட்டுக்கு இண்டைக்கே பதியுங்கோ. வீடு கிடைக்கப் பத்து வருசத்துக்கு மேல போகும், எண்டாலும் பதிஞ்ச நாளில இருந்துதான் வரிசை தொடங்கும்.