வெற்றுத்தாளில் கையெழுத்து வைக்காதீர்கள்

திருகோணமலை உப்புவெளியிலிருந்து ஒரு சகோதரி எழுதியிருக்கிறார். யாழ்ப்பாணத்துச் சாவகச்சேரிக்காரரான கணவர் கட்டார் போய் நான்கு வருடம். இரண்டு வருடமாகப் பணமும் இல்லை, போனும் இல்லை. ஒன்பது வயதில் ஒரு மகள். நீதிமன்றப் படி ஏறாமலே மூன்று மாதத்தில் விவாகரத்து எடுத்துத் தருவதாக ஒருவர் ஒன்றரை இலட்சம் கேட்கிறாராம். கொடுக்கலாமா, அம்மா சீதனமாக எழுதித் தந்த வீடு என்னாகும் என்று கேட்கிறார்.

கொடுக்காதீர்கள் தங்கச்சி. இலங்கையின் பொதுச் சட்டத்தில் 'இருவரும் சம்மதம், பிரித்துவிடுங்கள்' என்று கேட்க இடமே இல்லை. 1907ஆம் ஆண்டின் விவாகப் பதிவுச் சட்டம் சொல்வது மூன்று காரணங்கள்தான்: சோரம் (திருமணத்துக்கு வெளியே உறவு), கெட்ட எண்ணத்தோடு கைவிட்டுப் போதல், திருமணத்தின்போதே இருந்த தீராத ஆண்மைக்குறைவு. நூறு வருடம் தாண்டியும் ஒருவர் மேல் குற்றம் சுமத்தினால்தான் விடுதலை என்று வைத்திருப்பது எனக்குப் பெரிய ஆதங்கம். இந்த இடைவெளியில்தான் தரகர்கள் பிழைக்கிறார்கள்.

ஒரு பெண் என்னிடம் கொண்டுவந்த தாள் இன்னும் கண்ணில் நிற்கிறது. முழு வெள்ளை. அடியில் பென்சிலால் இரண்டு புள்ளடி, கையெழுத்து வைக்க. மேலே என்ன எழுதப் போகிறார்கள் என்று அவருக்குத் தெரியாது. வேறு ஊரில் பொய் விலாசம் காட்டி வழக்குப் போடுவார்கள். அந்தத் தீர்ப்பு பின்னால் உடையும். இல்லாவிட்டால் முத்திரை ஒட்டி, நொத்தாரிசு முன் ஒரு 'பிரிவு ஒப்பந்தம்' எழுதித் தருவார்கள். அது விவாகரத்தே அல்ல. அதை நம்பி மறுமணம் செய்தால் இருதார மணக் குற்றம், ஏழு வருடம் வரை சிறை.

உங்களுக்கான வழி கைவிட்டுப் போனார் என்ற காரணம். நீங்கள் வசிக்கிற இடத்து மாவட்ட நீதிமன்றத்திலேயே வழக்குப் போடலாம். விவாகச் சான்றிதழ், மகளின் பிறப்புச் சான்றிதழ், வங்கிப் புத்தகம் மூன்றையும் எடுத்து வையுங்கள். அவர் கடைசியாகப் பணம் அனுப்பிய வரியும் அதற்குப் பிறகு வரவே இல்லாத பக்கங்களும் உங்களுக்காகப் பேசும். வாட்ஸ்அப் குரல் பதிவுகளைக் கோபத்தில் அழிக்காதீர்கள். தவணை தவணையாக இழுக்கும், அதற்கு மனதைத் தயார்ப்படுத்துங்கள். முதலில் வருவது இடைக்காலத் தீர்ப்பு. மூன்று மாதம் கழித்து அது முடிவானதாக்கப்பட வேண்டும். அதுவரை மறுமணப் பேச்சு வேண்டாம்.

மகளின் செலவுக்கு இதற்கெல்லாம் காத்திருக்க வேண்டியதில்லை. 1999ஆம் ஆண்டின் தாபரிப்பு (பராமரிப்புச் செலவு) சட்டப்படி நீதவான் நீதிமன்றத்தில் இப்போதே கேட்கலாம்.

சரி, வீடு. இதைக் கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள், பலர் தடுக்கி விழும் இடம். தேசவழமை வடமாகாணத் தமிழருக்கான சட்டம், திருகோணமலைப் பிள்ளையான உங்களுக்கு இல்லை. ஆனால் அது பொருந்துகிற ஒருவரை மணந்தால், அந்தத் திருமணம் நீடிக்கும் வரை நீங்களும் அதற்குள் வந்துவிடுகிறீர்கள்; 1911ஆம் ஆண்டுச் சட்டம் அப்படித்தான் சொல்கிறது. வீடு உங்களுடையதுதான். ஆனால் விற்கவோ ஈடு வைக்கவோ அவருடைய எழுத்துமூலச் சம்மதம் வேண்டும். அவர் சாவகச்சேரியில் பிறந்தது மட்டும் போதாது, நிரந்தர வதிவிடம் எது என்று பார்ப்பார்கள். கைவிட்டுப் போன கணவரின் சம்மதத்துக்குப் பதிலாக மாவட்ட நீதிமன்றமே அனுமதி தரலாம். விவாகரத்து முடிவானால் இந்தக் கட்டு இல்லை. ஆகவே வழக்குச் செலவுக்கென்று அவசரமாக வீட்டை ஈடு வைக்க ஓடாதீர்கள். வீட்டு உறுதிப் பத்திரத்தை யாரிடமும் கொடுக்கவே கொடுக்காதீர்கள்.

கையில் காசு இல்லையென்றால் சட்ட உதவி ஆணைக்குழுவின் திருகோணமலை நிலையத்துக்குப் போங்கள். வருமானத்துக்குக் கிராம சேவகரின் கடிதம் கொண்டுபோனால் நல்லது. எந்தச் சட்டத்தரணியானாலும், புரக்ஸியில் (உங்களுக்காக வழக்கு நடத்த அவருக்கு அதிகாரம் தரும் தாள்) அவருடைய பெயர் எழுதியிருக்கிறதா என்று பார்த்துவிட்டுக் கையெழுத்திடுங்கள். கட்டிய காசுக்குப் பற்றுச்சீட்டுக் கேளுங்கள். தரகர் உங்கள் விவாகச் சான்றிதழை ஏற்கெனவே வாங்கிப் போயிருந்தால் அவர் பின்னால் அலையாதீர்கள். பதிவு நடந்த இடத்துப் பிரதேச செயலகத்தில் விண்ணப்பித்தால் இன்னொரு பிரதி கிடைக்கும்.