எச்ஐவியின் டாட் புரதத்திற்கு நிலையான வடிவமே கிடையாதாமே, அப்புறம் எப்படி வேலை செய்கிறது?

வடிவமே கிடையாது என்பது பாதி சரி. தனியாகக் கரைசலில் இருக்கும்போது டாட் ஒழுங்காக மடிந்து நிற்காது, தளர்ந்து கிடக்கும். பிடித்துக்கொள்ள இன்னொரு மூலக்கூறு கிடைத்தால்தான் வடிவத்துக்கு வரும். காரைக்குடியில் எம்.எஸ்சி. பிள்ளைகளுக்கு இதை நடத்தும்போது "சார், படம் எப்படிப் போடுவது?" என்றுதான் முதலில் கேட்பார்கள். நியாயமான கேள்விதான்.

ஆள் சின்னது, வைரஸ் வகையைப் பொறுத்து 86 முதல் 101 அமினோ அமிலங்கள். இதில் கவனிக்க வேண்டியவை இரண்டு பகுதிகள். 22 முதல் 37 வரையுள்ள இடங்களில் சிஸ்டீன் என்ற அமினோ அமிலங்கள் நெருக்கமாக இருக்கின்றன, அவை துத்தநாக அயனிகளைப் பிடிக்கும். 49 முதல் 57 வரை கிட்டத்தட்ட எல்லாமே ஆர்ஜினைன், லைசின் என்ற அமினோ அமிலங்கள், அதாவது நேர்மின் சுமை, அதனால் ஆர்என்ஏவோடு நன்றாக ஒட்டும்.

சரி, வேலைக்கு வருவோம். வைரஸின் மரபணு நம் செல்லின் டிஎன்ஏவுக்குள் செருகிக்கொண்ட பிறகு அதை ஆர்என்ஏவாகப் படியெடுப்பது நம்முடைய ஆர்என்ஏ பாலிமரேஸ் 2 என்ற நொதிதான். அது தொடங்கத்தான் செய்கிறது, ஆனால் கொஞ்ச தூரம் போனதும் சில தடைப் புரதங்கள் பிடித்து நிறுத்திவிடும். அதற்குள் வெளிவந்த குட்டி ஆர்என்ஏவின் தலைப்பகுதி கொண்டை ஊசி மாதிரி மடிந்திருக்கும், அதற்கு டார் என்று பெயர். அதில் ஒரு பக்கம் மூன்று நியூக்ளியோடைடுகள் புடைத்து நிற்கும் இடத்தில் டாட்டின் ஆர்ஜினைன் போய் உட்காருகிறது, மறுபக்கம் அதே டாட் சைக்ளின் டி1 (Cyclin T1, D1 அல்ல) என்ற நம் புரதத்தைப் பிடித்து, அதோடு சேர்ந்த சிடிகே9 நொதியையும் இழுத்து வருகிறது. சிடிகே9 பாலிமரேஸின் வாலிலும் தடைப் புரதங்களிலும் பாஸ்பேட்டைச் சேர்க்க, தடை விலகி பாலிமரேஸ் கடைசிவரை ஓடும்.

ஆக டாட் தானே எந்த வேதிவினையும் செய்வதில்லை. எங்கள் பக்கம் பர்மாக் கடைக் கதைகளில் பெட்டியடிப் பையன் என்று ஒருவன் வருவான், முதல் போட்டவனும் இல்லை, கணக்குப் பார்க்கும் மேலாளும் இல்லை, ஆனால் அவன் ஓடி அழைத்து வந்தால்தான் காரியம் நடக்கும். டாட் அந்த ரகம்.

முதல் டாட் எங்கிருந்து வரும் என்று கேட்பீர்கள். தடையைத் தாண்டித் தப்பிவரும் சில ஆர்என்ஏக்களிலிருந்து. அதன்பின் டாட் கூடக் கூட ஆர்என்ஏ கூடும், ஆர்என்ஏ கூடக் கூட டாட். அந்தச் சுற்று தொடங்காத செல்களில் வைரஸ் சத்தமில்லாமல் பதுங்கிவிடுவதும் உண்டு, எச்ஐவியை முழுசாக ஒழிக்க முடியாததற்கு அதுவும் ஒரு காரணம்.

எனக்குப் பிடித்த விஷயம் 2010இல் வந்த படிக அமைப்பு, அதாவது புரதங்களைப் படிகமாக்கி எக்ஸ் கதிரால் கண்டறிந்த வடிவம். சைக்ளின் டி1, சிடிகே9 ஜோடியின் மேல் படர்ந்திருக்கும்போது டாட் தெளிவாக மடிந்தே இருக்கிறது. மனித சைக்ளின் டி1இல் 261ஆம் இடத்தில் இருக்கும் சிஸ்டீன், டாட் பிடித்த துத்தநாகத்தில் தானும் பங்கு கேட்கிறது. எலியில் அதே இடத்தில் டைரோசின். அந்த ஒரு மாற்றம் போதும், எலி செல்லில் டாட் சரியாக வேலை செய்யாது.

இந்தியாவில் அதிகம் பரவியிருப்பது சி வகை. அதன் டாட்டில் பெரும்பாலும் 31ஆம் இடத்துச் சிஸ்டீனுக்குப் பதில் செரின் இருக்கிறது. படியெடுப்பு வேலை கெடவில்லை, வெள்ளணுக்களைத் தன்பக்கம் ஈர்க்கும் குணம்தான் குறைந்திருக்கிறது.

படம் போடுவதென்றால் டாட்டை மட்டும் வரையாதீர்கள். டார், சைக்ளின் டி1, சிடிகே9 மூன்றையும் வரைந்து நடுவில் டாட்டை வையுங்கள்.