சைக்கிள் பயணத்தின் நடுவே ஒரு ரயில்

அன்புள்ள ஐயா,

வரும் ஆகஸ்டில் நண்பர்கள் இருவரோடு நார்வேயில் ஓஸ்லோவிலிருந்து பெர்கனுக்குச் சைக்கிளில் போகத் திட்டமிட்டிருக்கிறோம். நடுவில் கொஞ்ச தூரம் பெர்கன் ரயிலில் போகலாம், மலைக்காட்சிகளைத் தவறவிடக் கூடாது என்கிறார் ஒரு நண்பர். ‘ரயிலில் ஏறிவிட்டால் அப்புறம் அது என்ன சைக்கிள் பயணம்?’ என்கிறார் இன்னொருவர். நீங்கள் அந்தப் பக்கம் போயிருப்பதால் கேட்கிறேன்.

ர.

அன்புள்ள ர.,

தயங்காமல் ரயில் ஏறுங்கள். அங்கே நீங்கள் சைக்கிள் ஓட்ட வேண்டிய மலைச்சாலையே ரயிலுக்காகப் போட்டதுதான்.

ஓஸ்லோ–பெர்கன் ரயில்பாதை 1909இல் முழுமையாகத் திறக்கப்பட்டது. அது கட்டப்பட்ட காலத்தில் அந்த மேட்டுநிலத்துக்குச் சாமான்கள் கொண்டுபோக வழி கிடையாது. அதனால் முதலில் ஒரு சாலை போட்டார்கள். தொழிலாளிகளும் அவர்களுடைய சாப்பாடும் வெடிமருந்தும் அதன் வழியாகத்தான் மேலே போயின. ரல்லர்வேகன் என்ற அந்தச் சாலைதான் இன்று நார்வேயில் மிகவும் பேர்பெற்ற சைக்கிள் பாதைகளில் ஒன்று.

ரயிலிலேயே கடைசிவரை போனாலும் குறைதான். 1993இல், வழியில் மலைமேல் இருக்கிற ஃபின்சே என்ற ஊருக்கு மேற்கே, பத்து கிலோமீட்டருக்கும் நீளமான ஒரு ரயில் சுரங்கப்பாதை திறந்தார்கள். பனிப்புயலில் ரயில்கள் சிக்காமலிருக்க அது அவசியம்தான். ஆனால் பாதையின் மிக உயரமான இடம், 1,237 மீட்டர், இப்போது அந்தச் சுரங்கத்துக்குள் போய்விட்டது. மலையின் உச்சியைக் கடக்கிற நேரத்தில் ஜன்னலில் வெறும் இருட்டு. அதே இடத்தில் சைக்கிள்காரர் வெளியே, ஏரிகளுக்கும் கோடையிலும் கரையாத பனித்திட்டுகளுக்கும் நடுவில் போகிறார். அவருடைய சாலை 1,343 மீட்டர் வரை ஏறுகிறது.

ஆகவே ஓஸ்லோவிலிருந்து, ஃபின்சேக்கு முன்னால் வருகிற ஹௌகஸ்டொல் நிலையம் வரை ரயிலில் போங்கள். சைக்கிளில் ஏறினால் நிலம் மெல்ல மெல்ல மாறும், கண் அதற்குப் பழகிவிடும். ரயிலிலோ, அடர்ந்த காடு மெலிந்து, மரங்கள் குட்டையாகி, கடைசியில் மரமே இல்லாமல் போவது சில மணி நேரத்தில் நடந்து முடிகிறது. எவ்வளவு உயரம் ஏறிவிட்டோம் என்பது அப்போதுதான் உறைக்கும். அந்தப் பகுதியில் நான் புத்தகத்தைத் திறந்ததே இல்லை.

ஹௌகஸ்டொல்லில் இறங்கி சைக்கிளை எடுங்கள். அங்கிருந்து ஃபின்சே 27 கிலோமீட்டர். சரளைச் சாலை, கடுமையான ஏற்றம் இல்லை. இரவு ஃபின்சேயில் தங்குங்கள், அவசரப்படாதீர்கள். பொதுச்சாலை எதுவும் ஃபின்சேயைத் தொடுவதில்லை, கார் வராது. ரயில் போன பிறகு வருகிற அமைதியும், தெற்கே தெரிகிற ஹார்டாங்கர் பனிப்பாறையும் போதும், அந்த ஊருக்கு வேறெதுவும் வேண்டாம்.

மறுநாள் உச்சியைத் தாண்டி மிர்டால் பக்கம் இறங்கும்போது இருபத்தொரு கொண்டையூசி வளைவுகள் வரும். செங்குத்து, அதோடு உருளும் கற்கள். தயவுசெய்து அங்கே மட்டும் இறங்கித் தள்ளிக்கொண்டே போங்கள். அதற்குப் பிறகு பள்ளத்தாக்கு வழியாக ஃப்லோம் என்ற ஊர் வரை, கடல்மட்டத்துக்கே வந்துவிடுவீர்கள்.

உங்கள் இரண்டாவது நண்பரிடம் இதையும் சொல்லுங்கள். ஃப்லோமிலிருந்து பெர்கன் திசையில் குட்வாங்கன் போகும் நெடுஞ்சாலையில் பதினோரு கிலோமீட்டருக்கும் நீளமான ஒரு சுரங்கம் இருக்கிறது. அதில் சைக்கிளுக்கு அனுமதி இல்லை. எனவே ஏதாவதொன்றில் ஏறித்தான் ஆக வேண்டும். ஃப்லோம் ரயில் இருபது கிலோமீட்டரில் 860 மீட்டருக்கும் மேல் ஏறி மிர்டாலில் விடும், அங்கிருந்து பெர்கன் வண்டி பிடிக்கலாம். இல்லையென்றால் படகில் நேரோய்ஃபியோர்ட் வழியாகக் குட்வாங்கன் போய், அங்கிருந்து மறுபடி மிதிக்கலாம். நான் படகைத்தான் சொல்வேன். இருபுறமும் மலை நெருங்கி நிற்கும் அந்தக் குறுகிய நீர்வழியைப் பார்க்காமல் திரும்புவது பெரிய இழப்பு.

ஆகஸ்ட் நல்ல தேர்வு. ஜூலை பாதி வரைக்கும் மேலே சாலையில் பனி கிடக்கலாம். ஒரே ஒரு அவசர வேலை: பெர்கன் ரயிலில் சைக்கிளுக்கான இடம் கொஞ்சம்தான், கோடையில் சீக்கிரம் தீர்ந்துவிடும். மூன்று சைக்கிளுக்கும் ஒரே வண்டியில் இடம் கிடைக்கிறதா என்று பார்த்துவிட்டு, அதற்கேற்ப மற்ற தேதிகளை முடிவு செய்யுங்கள்.

அன்புடன்.